உதவப் போன இடத்தில் உடைந்த மெஷின்: கேள்வி பதில்

முப்பது வருடமாக மோட்டாருக்குக் காயில் கட்டுவதும் சின்ன இஞ்சின்களைப் பிரித்து மாட்டுவதும்தான் என் தொழில். சில மெஷின்கள் என் மேஜைக்கு இரண்டு ஆட்களோடு வரும். ஒருவர் சொந்தக்காரர், இன்னொருவர் கடைசியாக அதைக் கையில் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். இருவரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். "நீங்களே சொல்லுங்க, இது யார் தப்பு?" என்பார்கள். மெஷினைத் திறந்தால் பெரும்பாலும் பதில் உள்ளேயே இருக்கும். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று: உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு வாசலில் மரம் விழுந்துவிட்டது. என் செயின்சாவைக் கொண்டுபோய் நானே அறுத்துக் கொடுத்தேன். நடுவில் பெட்ரோல் தீர்ந்தது. அவர் ஒரு கேன் கொண்டுவந்து கொடுத்தார், ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் இஞ்சின் இறுகி நின்றுவிட்டது. அவர் கொடுத்த பெட்ரோல்தானே காரணம்? செலவை அவரிடம் கேட்கலாமா?

பதில்: காரணம் அந்தப் பெட்ரோலாகத்தான் இருக்க வேண்டும். செயின்சாவில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இஞ்சின். செயினுக்கு ஊற்றுகிற ஆயில் வேறு, அது இஞ்சினுக்குள் போகாது. பெட்ரோலோடு கலந்து போகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் வழுவழுப்பு. மூடியில் 50க்கு 1 என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. அந்தத் துளி ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் சூடேறிப் பெருத்து, சிலிண்டரைப் பிறாண்டிக்கொண்டு நின்றுவிடும். சைலன்ஸரைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பிஸ்டன் மேல் நெடுக்குவாட்டில் கீறல் தெரியும்.

அவரிடம் கேட்பதற்குத்தான் எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் தன் வண்டிக்கு வைத்திருந்த பெட்ரோலைக் கொடுத்தார். ஆயில் கலந்தது வேண்டும் என்று மெஷின்காரர் நீங்கள்தான் சொல்லியிருக்க வேண்டும். மூடியைத் திறந்து ஊற்றிய கையும் உங்களுடையதுதான். அவராக வந்து பங்கு தருகிறேன் என்றால் மறுக்காதீர்கள், அவர் வாசலைச் சுத்தம் செய்யப் போய்த்தானே இது நடந்தது. நீங்களாகக் கேட்காதீர்கள்.

கேள்வி: இரவல் வாங்கிய டிரில் மெஷின் கருகல் வாடையோடு நின்றுவிட்டது. இரண்டே ஓட்டைதான் போட்டேன். புதிது வாங்கித் தர வேண்டுமா?

பதில்: முதலில் கார்பன் பிரஷ்ஷைக் கழற்றிப் பாருங்கள். மோட்டாரில் சுற்றுகிற பாகத்தை உரசி அதற்குக் கரண்ட் கொடுக்கிற சின்னக் கரித்துண்டு அது. பென்சில் மாதிரி, தேய்வதற்கென்றே வைத்திருக்கிறார்கள். தேய்ந்து முடிந்த நாள் உங்கள் கையில் வந்தது, அவ்வளவுதான். இருந்தாலும் மாற்றிக் கொடுங்கள், பெரிய செலவில்லை. காயில் கருகியிருந்தால் அதன் நிறத்தைப் பாருங்கள். முழுக்க ஒரே சீராகக் கறுத்திருந்தால் தாங்காத லோடில் ஓட்டியிருக்கிறீர்கள், அல்லது வோல்டேஜ் குறைவாக வந்திருக்கிறது. மற்றதெல்லாம் நல்ல நிறத்தில் இருந்து ஒரே ஓர் இடம் மட்டும் புள்ளியாக எரிந்திருந்தால், அந்த இடத்தில் இன்சுலேஷன் போய்விட்டது. அது பெரும்பாலும் பழைய கோளாறு.

எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டீர்களா? மெல்லிய ஒயர் நீளமாகப் போனால் வோல்டேஜ் இறங்கும், மோட்டார் திணறும். சுருளைப் பிரிக்காமலே ஓட்டினால் ஒயரும் சூடாகி உருகும். முழுக்க விரித்துவிட்டு ஓட்டுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பையனின் லேப்டாப்பைச் சரிசெய்து தருகிறேன் என்று திறந்தேன். இப்போது ஆன் ஆகவில்லை.

பதில்: என் துறை இல்லை. அது தெரிந்தவரிடம் போங்கள்.

கேள்வி: மண்வெட்டிக் கைப்பிடி முறிந்துவிட்டது. யார் பொறுப்பு?

பதில்: புதுக் கைப்பிடி போட்டுக் கொடுங்கள். இதற்கெல்லாம் பொறுப்பு என்ற பெரிய வார்த்தை வேண்டாம்.

கேள்வி: என்னுடையதும் டிரில் மெஷின்தான் ஐயா, ஆனால் ஹேமர் டிரில். அதே கருகல் வாடை...

பதில்: மேலே சொன்னதுதான். ஒயரை விரித்தீர்களா?

கேள்வி: எதிர்வீட்டு அக்காவிடம் தள்ளுவண்டி வாங்கி, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் அலமாரியை ஏற்றிக்கொண்டு போனேன். நடுவழியில் சக்கர அச்சு முறிந்துவிட்டது. வண்டி அக்காவுடையது, அலமாரி தாத்தாவுடையது, தள்ளியது நான். யார் தருவது?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

இரும்பு அச்சு இரண்டு விதமாக முறியும். தாங்காத சுமையை ஏற்றி ஒரே அடியில் முறித்தால், முறிந்த முகம் முழுக்கப் புதிதாக, சொரசொரவென்று இருக்கும். பெரும்பாலும் அச்சு வளைந்தும் இருக்கும். இன்னொரு விதம், களைத்து முறிவது. ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். சக்கரம் சுற்றச் சுற்ற அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். விரிசல் போன இடம் வழவழப்பாகத் தேய்ந்து, அழுக்கோ துருவோ ஏறியிருக்கும். அலை வந்து போன மணலில் இருக்குமே, அந்த மாதிரி வளைந்த வரிகள் தெரியும். கடைசியில் மிச்சமிருக்கிற கொஞ்சம் இரும்புதான் பட்டென்று விடும். அந்தப் பகுதி மட்டும் பளிச்சென்று இருக்கும்.

1842இல் வெர்சாயிலிருந்து பாரிஸுக்குத் திரும்பிய ஒரு ரயிலில் இஞ்சினின் அச்சு முறிந்து ஏராளமானோர் இறந்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அச்சு ஏன் திடீரென்று முறிகிறது என்று பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பிறகு ஜெர்மனியில் ஆகஸ்ட் வோலர் என்பவர் ரயில் அச்சுகளைச் சுழலவிட்டு வருடக்கணக்கில் சோதித்தார். ஒரு தடவை ஏற்றினால் சுலபமாகத் தாங்குகிற சுமையே லட்சக்கணக்கான தடவை வந்து போனால் இரும்பை முறித்துவிடும் என்று காட்டினார்.

ஆகவே, முகம் முழுக்கப் புதிதாக இருந்தால் அளவுக்கு மீறி ஏற்றிய நீங்கள் பொறுப்பு. தாத்தாவிடம் பாதி கேட்பதில் தப்பில்லை, வேலை அவருடையது. பாதிக்கு மேல் பழுப்பேறி இருந்தால் அந்த அச்சு உங்களுக்கு முன்பே போய்விட்டது. துண்டைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே?

இரவல் கொடுத்து நொந்தவர்: நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? என் வீட்டை விட்டுப் போகும்போது ஓடியது, திரும்பி வரும்போது ஓடவில்லை. வாங்கியவன் தர வேண்டும். கணக்கு முடிந்தது.

பதில்: தொண்ணூறு வயதுக்காரர் உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது உயிர் போனால் நீங்கள் கொன்றதாக ஆகுமா?

இரவல் கொடுத்து நொந்தவர்: அவரை வேலை செய்யவிட்டால் ஆகும்.

பதில்: நல்ல பதில்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலை செய்யத்தானே மெஷினைக் கொடுத்தீர்கள்?

சட்டம் படித்தவர்: இருவருக்கும் நடுவில் நானும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 1703இல் ஒரு வழக்கு. பிராந்திப் பீப்பாய்களை ஒரு நிலவறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தருகிறேன் என்று ஒருவர் கூலியில்லாமல் ஏற்றுக்கொண்டார். கவனமில்லாமல் இறக்கியதில் ஒரு பீப்பாய் உடைந்து பிராந்தி கொட்டிப்போனது. கூலி வாங்கவில்லையே என்ற சாக்கு எடுபடவில்லை. தலைமை நீதிபதி ஜான் ஹோல்ட் அந்தத் தீர்ப்பில் ரோமானியச் சட்டத்தை எடுத்துப் பேசினார். இரவல் வாங்குகிறவருக்கே முழு நன்மையும் என்பதால் அவர் மிக மிகக் கவனமாக இருக்க வேண்டும். சும்மா பாதுகாத்துத் தருகிறவரிடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது. நன்மை யாருக்கோ, கவலையும் அவருக்கே. ஆனால் கவனக்குறைவே இல்லாமல் உடைந்தால் கதை வேறு.

இரவல் கொடுத்து நொந்தவர்: பார்த்தீர்களா? இரவல் வாங்கியவன் மிக மிகக் கவனமாக இருக்க வேண்டும்!

பதில்: கடைசி வரியையும் படியுங்கள்.

சட்டம் படித்தவர்: இன்னும் பழையதும் உண்டு. பைபிளில் யாத்திராகமம் 22ஆம் அதிகாரம். இரவல் வாங்கிய மிருகம் அடிபட்டாலோ செத்தாலோ வாங்கியவன் ஈடு கட்ட வேண்டும். ஆனால் சொந்தக்காரன் கூடவே இருந்திருந்தால் வேண்டாம்.

பதில்: அடடா, இதை எழுதியவர் மெக்கானிக்காக இருந்திருக்க வேண்டும்! சொந்தக்காரர் பக்கத்தில் நின்றால் சத்தம் மாறுவது அவர் காதுக்குத்தான் முதலில் எட்டும். "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவார். வாங்கியவருக்கு அது எப்போதுமே அப்படித்தான் கத்தும் போல என்று தோன்றும். விலை உயர்ந்த மெஷின் என்றால் மெஷினோடு நீங்களும் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ஐயா, நான் முதலிலிருந்து தண்ணீர் பம்ப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து வீட்டுத் தொட்டியைக் காலி செய்யக் கொடுத்தேன். இப்போது அடியில் தண்ணீர் ஒழுகுகிறது.

பதில்: மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. தொட்டி காலியான பிறகும் பம்ப் ஓடியிருக்கும். உள்ளே இருக்கிற சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி. தண்ணீரில்லாமல் ஓடினால் சீக்கிரமே கருகிவிடும். கழற்றிய சீலின் முகம் வெந்து வெடித்திருந்தால் நிறுத்த மறந்தவர் தர வேண்டும். பழைய சீலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போட்டுவிடாதீர்கள்.

இரவல் கொடுத்து நொந்தவர்: என் கதையையும் கேளுங்கள். மண் உழுகிற சின்ன டில்லர். எடுத்துப் போனவன் கல்லில் விட்டு கியர்பாக்ஸையே உடைத்துக்கொண்டு வந்தான். நான் கொடுக்கும்போது எல்லாம் பலமாகத்தான் இருந்தது. பிளேடைப் பிடிக்கிற பின் அடிக்கடி உடைகிறது என்று அதை எடுத்துவிட்டு நல்ல ஸ்டீல் போல்ட்டே போட்டிருந்தேன்.

பதில்: ஐயோ.

அந்தப் பின் உடைவதற்காகவே வைத்த பின். வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே, அதே வேலை. பிளேடு கல்லில் மாட்டினால் இஞ்சினின் மொத்த விசையும் எங்காவது போயாக வேண்டும். மெல்லிய பின் அறுந்து, விசையை அங்கேயே விட்டுவிடும். புதுப் பின் போட்டால் வேலை முடிந்தது. நீங்கள் போட்ட போல்ட் அறுபடாது, ஆகவே விசை நேராக கியர் பல்லுக்குப் போயிருக்கிறது. பல்லை உடைத்தது கல் பாதி, உங்கள் போல்ட் பாதி. போல்ட் போட்டதை அவரிடம் சொன்னீர்களா?

இரவல் கொடுத்து நொந்தவர்: அவன் கேட்கவில்லை.

பதில்: எப்படிக் கேட்பார்? பின் இருக்க வேண்டிய இடம் என்றே அவருக்குத் தெரியாது. அவரிடமிருந்து எவ்வளவு வாங்கினீர்கள்?

இரவல் கொடுத்து நொந்தவர்: முழுசாக.

பதில்: பாதியைத் திருப்பிக் கொடுங்கள்.

சட்டம் படித்தவர்: தெரிந்த குறையைச் சொல்லாமல் இரவல் கொடுத்தவர் அதனால் வந்த சேதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதும் ரோமானியச் சட்டம்தான்.

இரவல் கொடுத்து நொந்தவர்: அது குறை என்றே எனக்குத் தெரியாதே! இனி யாருக்கும் எதையும் கொடுக்கப் போவதில்லை.

பதில்: தெரியாது என்பதை நம்புகிறேன், பாதி என்று சொன்னது அதனால்தான். கொடுக்காமல் இருப்பதும் உங்கள் உரிமை. கொடுத்தால் மட்டும், சோக் எப்போது போட வேண்டும், எங்கே உதறும், எதை மாற்றி வைத்திருக்கிறீர்கள் என்று இரண்டு நிமிடம் நின்று சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: தள்ளுவண்டி அச்சு கேட்டவன் நான்தான். துண்டு பத்திரமாக இருக்கிறது. முக்கால்வாசி பழுப்பு. ஓரத்தில் மட்டும் நகத்தளவு பளபளப்பு. நீங்கள் சொன்ன வரிகளும் தெரிகின்றன.

பதில்: அப்படியானால் அந்த அச்சு நகத்தளவு இரும்பில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அக்கா வெறும் வண்டியைத் தள்ளிப் போயிருந்தாலும் சீக்கிரமே விட்டிருக்கும். நீங்கள் தர வேண்டியதில்லை. ஆனால் துண்டை அவர் முன்னால் வைத்து வாதாடாதீர்கள். "அக்கா, அந்தப் பக்கத்து அச்சும் இதே வயசுதான், அதையும் பார்த்துடலாம்" என்று சொல்லி, கழற்றி மாட்டுகிற வேலையை மட்டும் நீங்கள் செய்து கொடுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டு டிரில் மெஷின், ஐயா. புகை வந்தது...

பதில்: ஒயரை விரித்தீர்களா?