பழைய சீனப் பீங்கான் தட்டுகளில் மீனையும் தாமரையையும் ஏன் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள்? அடியில் உள்ள முத்திரையை நம்பலாமா?

அந்தப் படத்தை வாய்விட்டுப் படிக்க வேண்டும். சீனத்தில் மீன் ‘யூ’. மிச்சம், உபரி என்பதற்கும் அதே ஒலிதான். தாமரை ‘லியன்’, தொடர்ச்சி என்ற சொல்லும் ‘லியன்’. இரண்டையும் ஒரே குளத்தில் வரைந்துவிட்டால் ‘ஆண்டுதோறும் மிச்சம் இருக்கட்டும்’ என்ற வாழ்த்து வந்துவிடுகிறது. சிலேடை வெண்பாவை ரசிக்கிற நமக்கு இது எளிதில் பிடிபடும். அங்கே சிலேடையைத் தூரிகையால் எழுதினார்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் சிங்கப்பூரில் எங்கள் அடுத்த வீட்டுச் சீனப் பாட்டி. புத்தாண்டு விருந்தில் முழு மீனை ஆவியில் வேகவைத்து நடுவில் வைப்பார். மேல்பக்கத்தைத் தின்றுவிட்டு அடிப்பக்கத்துக்குக் கை நீட்டினேன். “போதும், அது நாளைக்கு” என்று தட்டை நகர்த்திவிட்டார். மீன் மிஞ்சினால்தான் வீட்டில் எல்லாம் மிஞ்சுமாம்.

எனக்கு மிகவும் பிடித்தவை சீனாவை யுவான் மரபினர் ஆண்ட காலத்து (1271–1368) நீல வெள்ளைத் தட்டுகள். ஜிங்தெசென் என்ற சீன ஊரின் சூளைகளில் செய்தவை. சில 45 சென்டிமீட்டர் அகலம் இருக்கும். பலர் சுற்றி அமர்ந்து ஒரே தட்டில் உண்ணும் மேற்காசிய வழக்கத்துக்கு ஏற்ற அளவு அது. இஸ்தான்புல்லின் டோப்காப்பி அரண்மனையில் இன்றும் யுவான் காலத்துப் பீங்கான்கள் இருக்கின்றன. அந்த விருந்தினர்களுக்குச் சிலேடை கேட்டிருக்காது. ஆனாலும் சோறு குறையக் குறைய அடியிலிருந்து ஒரு மீன் எழுந்து வந்திருக்குமே!

வரைந்த கையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. சுடாத பச்சை மண்ணின் மேல்தான் வரைவார்கள். மண் சாயத்தை உடனே உறிஞ்சிவிடும், அழித்துத் திருத்த வழியில்லை. வரையும்போது மங்கலாகத் தெரியும் கோபால்ட் சாயம், மேலே மெருகு பூசிச் சுமார் 1300 டிகிரியில் சுட்ட பிறகுதான் நீலமாகிறது. செவுளிலும் துடுப்பின் ஓரத்திலும் சாயம் தேங்கிய இடங்களில், கறுத்த புள்ளிகள் மெருகுக்குள் இறங்கியிருப்பதைக் காணலாம். பாரசீகத்திலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு அதிகம். அதனால் வந்த கறுப்பு அது. பதினெட்டாம் நூற்றாண்டில் அதைப் போலவே தூரிகையால் புள்ளி வைத்துப் பார்த்தவர்களும் உண்டு.

முத்திரையை மட்டும் வைத்துக் காலத்தை முடிவு செய்யாதீர்கள். காங்சி பேரரசர் காலத்துக் (1662–1722) குயவர்களே முன்னோர் மீதுள்ள மதிப்பால், தங்களுக்கு முந்தைய மிங் மரபு அரசர்களின் ஆட்சிப்பெயரை முத்திரையாக எழுதினார்கள். தட்டைக் கவிழ்த்து அடிவளையத்தையும் மண்ணின் நிறத்தையும் பாருங்கள். பழகிய ஒருவரிடம் நேரில் காட்டுங்கள்.

அதற்கு முன் உங்கள் தட்டில் இருப்பது எந்த மீன் என்று பாருங்கள். வாயோரம் மீசை இருந்தால் கெண்டை. முதுகுத் துடுப்பு முள்முள்ளாக நிமிர்ந்து, உடம்பில் திட்டுகள் இருந்தால் ‘குவெய்’. உயர்ந்த அந்தஸ்து என்பதற்கும் அதே ஒலி. யாரோ ஒருவர் பதவிக்கு வர வேண்டும் என்று வாழ்த்திய தட்டு உங்கள் வீட்டில் இருக்கலாம்.