மாத்திரையும் புறவாசலும்

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. இதயம் பலவீனமாகிக் கால் வீங்குவதால், மருத்துவர் தினமும் காலையில் நீர் பிரியும் மாத்திரை போடச் சொன்னார். பீடிக்கடைக்குப் போக வேண்டும் என்று அம்மா அதை இரவுக்கு மாற்றிக்கொண்டார். இப்போது இரவிலும் போடுவதில்லை. கேட்டால் "மறந்துபோச்சுய்யா" என்கிறார். கழிப்பறை புறவாசலில் தொழுவத்தைத் தாண்டி இருக்கிறது என்று ஒரு சாக்கு வேறு. நாங்கள் மாடியில் கழிப்பறையோடு வீடு கட்டிக் குடியிருப்பதால் கூடவே இருந்து கவனிக்க முடியவில்லை. இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?
– ஒரு வாசகர், முக்கூடல்

பதில்: தம்பி, சாக்கு என்று நீங்கள் ஒதுக்கிய அந்த ஒரு வாக்கியத்தில்தான் உங்கள் அம்மாவின் நோய்க்கதை முழுவதும் இருக்கிறது. ஃபுரோசிமைடு போன்ற மாத்திரை, போட்ட ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரம் நீரைப் பிரித்துக்கொண்டிருக்கும். காலையில் அதைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, கட்டிய பீடியைக் கணக்குக் கொடுத்து, இலையும் தூளும் வாங்கும்வரை காத்திருக்கும் ஒரு பெண் ஒதுங்க எங்கே போவார்? இரவில் போட்டால், வீங்கிய காலோடு இருட்டில் தொழுவத்தைக் கடந்து மூன்று முறை நடக்க வேண்டும். வளர்ந்த மகனிடம் இதற்கு மேல் விளக்கிச் சொல்லக் கூச்சப்பட்டுத்தான் மறந்துபோனதாகச் சொல்கிறார்.

வளர்ந்த நாடுகளிலேயே நாட்பட்ட நோயாளிகளில் பாதிப் பேர்தான் சிகிச்சையைச் சொன்னபடி தொடர்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. அவர்கள் எல்லோரையும் பிடிவாதக்காரர்கள் என்று சொல்லிவிட முடியுமா? மாடியில் உங்களுக்குக் கழிப்பறை கட்டியபோது, கீழே இருக்கும் தாய் இரவில் எங்கே போவார் என்று நினைக்காமல் இருந்ததை என்னால் சிறு கவனக்குறைவாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. பெற்றவளைப் பார்த்துக்கொள்வது என்றால், மாத்திரை வாங்கிக் கொடுப்பதோடு அவர் படுக்கும் இடத்தையும் நடக்கும் வழியையும் அறிந்திருப்பதுதான்.

அடுத்த முறை மருத்துவரிடம் நீங்களே அழைத்துப் போங்கள். அங்கே "ஒழுங்காகப் போடுகிறார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், ஏனென்றால் அதை நம்பி, வீக்கம் குறையவில்லையே என்று மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டிவிடக்கூடும். பீடிக்கடையிலிருந்து திரும்பிய பிறகு, நண்பகலில் போடலாமா என்று கேளுங்கள். மருத்துவர் சம்மதித்தால் இரவுத் தூக்கமும் பெரும்பாலும் கெடாது. இன்றைக்கே ஒரு கழிப்பறை நாற்காலி வாங்கி அம்மாவின் கட்டிலருகே மறைப்பு வைத்துப் போடுங்கள், அதைக் காலையில் நீங்களே கழுவி வையுங்கள். கீழ்த்தளத்தில் கழிப்பறை கட்ட இந்த வாரமே கொத்தனாரை வரச் சொல்லுங்கள்.