வாசகர் கேள்வி–பதில்: எல்லை தாண்டும் படைகள்

தன் மண் தாக்கப்படாத நிலையில் ஓர் அரசு இன்னொரு நாட்டுக்குள் படை அனுப்புவதைப் பொதுவாக எதிர்க்கிறேன் என்று சென்ற இதழின் பதில் ஒன்றில் எழுதியிருந்தேன். அதை ஏற்றும் மறுத்தும் கடிதங்கள் வந்துள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கிப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: உலகில் எது நடந்தாலும் நமக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொள்வதைத்தானே ‘தலையீடு எதிர்ப்பு’ என்று கௌரவமாகச் சொல்கிறீர்கள்?

பதில்: இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தக் கருத்தை மிகத் தெளிவாக வாதிட்ட ரிச்சர்ட் காப்டன், கதவைச் சாத்தும் ஆளே அல்லர். நாடுகளுக்கிடையே சரக்குகளும் பயணிகளும் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பதற்காக வாழ்நாளெல்லாம் பாடுபட்டவர். 1860இல் பிரான்சுடனான வணிக உடன்படிக்கையைப் பேசி முடித்தவரும் அவரே. மக்களுக்கிடையே உறவு பெருகட்டும், அரசுகள் பிறர் விவகாரத்தில் மூக்கை நுழைப்பது குறையட்டும் என்பதுதான் அவருடைய வாதம்.

பிரிட்டிஷ் கொடி பறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு கப்பலை 1856இல் கான்டன் நகரத்துச் சீன அதிகாரிகள் சோதனையிட்டதைக் காரணம் காட்டி, பிரிட்டிஷ் கடற்படை அந்த நகரத்தின்மீது குண்டு வீசியது. அதைக் கண்டித்துக் காப்டன் கொண்டுவந்த தீர்மானம் 1857 மார்ச்சில் 263க்கு 247 என்ற வாக்குக் கணக்கில் வென்றது. பிரதமர் பாமர்ஸ்டன் உடனே தேர்தலுக்குப் போனார். தேசப் பெருமை பேசி வென்றார். காப்டனும் அவருடைய தோழர் ஜான் பிரைட்டும் தோற்றார்கள். பதவி கைவிட்டுப் போகும் என்று தெரிந்திருந்தும், தாங்கள் பார்த்தேயிராத ஒரு நகரத்து மக்களுக்காகப் பேசியவர்களை அக்கறையற்றவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், உங்கள் ஐயத்துக்கு இடம்தரும் இன்னொரு மரபும் இருக்கிறது. 1940இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ‘அமெரிக்கா ஃபர்ஸ்ட்’ குழுவின் முகமாக இருந்த விமானி சார்லஸ் லிண்ட்பெர்க், 1941 செப்டம்பர் 11 அன்று ஆற்றிய உரையில், நாட்டைப் போருக்குள் தள்ளுவோரின் பட்டியலில் யூதர்களைச் சேர்த்துப் பேசினார். நாஜிகளிடமிருந்து மக்கள் உயிர் தப்பி ஓடிக்கொண்டிருந்த காலம் அது. போரும் வேண்டாம், அகதியும் வேண்டாம் என்ற நிலைப்பாட்டை நான் ஏற்கவில்லை. படை அனுப்ப மறுக்கும் நாட்டுக்கு, தப்பி வருபவரை ஏற்கும் கடமை இரட்டிப்பாகிறது.

கேள்வி: அரசிடம் உளவுத் தகவல்கள் இருக்கின்றன. நம்மிடம் நாளிதழ் மட்டுமே இருக்கிறது. போர் தேவையா இல்லையா என்று சாதாரணக் குடிமகன் எப்படித் தீர்ப்புச் சொல்ல முடியும்?

பதில்: கடிதங்களில் மிகுதியாக வந்த கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். தகவல் இருக்கிறது என்பது வேறு, அந்தத் தகவல் சரியானது என்பது வேறு.

1964 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, வியட்நாமுக்கு அப்பால் டோன்கின் வளைகுடாவில் மேடக்ஸ், டர்னர் ஜாய் என்ற இரண்டு அமெரிக்க நாசகாரிக் கப்பல்கள் தங்கள்மீது தாக்குதல் நடப்பதாகச் செய்தி அனுப்பின. இரண்டு நாள் முன்பு மேடக்ஸ் கப்பலுடன் உண்மையாகவே ஒரு மோதல் நடந்திருந்ததால், இரண்டாவது செய்தியும் நம்பும்படி இருந்தது. ஆனால் சில மணி நேரத்துக்குள், அங்கே பொறுப்பிலிருந்த கேப்டன் ஹெரிக், தாக்குதல் என்று சொன்னவற்றில் பல ஐயத்துக்குரியவை என்றும், வானிலைக் கோளாறு ரேடார் திரையை ஏமாற்றியிருக்கலாம், நீருக்கடியில் ஒலி கேட்கும் பணியாளர்கள் மிகை ஆர்வத்தில் தவறாகக் கேட்டிருக்கலாம் என்றும், முழுமையாக ஆராயாமல் மேல்நடவடிக்கை வேண்டாம் என்றும் மறுசெய்தி அனுப்பினார். அந்த மறுசெய்திக்காக வாஷிங்டன் நிற்கவில்லை. அன்றிரவே அதிபர் ஜான்சன் தொலைக்காட்சியில் தோன்றிப் பதிலடியை அறிவித்தார். ஆகஸ்ட் 7ஆம் தேதி, பிரதிநிதிகள் சபையில் 416க்கு 0, செனட்டில் 88க்கு 2 என்ற கணக்கில், தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்கும் அதிகாரம் அதிபருக்கு வழங்கப்பட்டது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் வரலாற்றாளர் ஒருவர் எழுதி, 2005இல் வெளியிடப்பட்ட ஆய்வே இதை ஒப்புக்கொள்கிறது. எதிர்த்து வாக்களித்த வெய்ன் மோர்ஸ், எர்னஸ்ட் குரூனிங் இருவரும் 1968இல் தங்கள் இடங்களை இழந்தார்கள். அதற்குப் பின் தொடர்ந்த போரில் மாண்ட அமெரிக்கர்கள் 58,000க்கும் மேல். வியட்நாமியர்கள் பல லட்சம்.

இராக்கின் கதை இன்னும் வேதனையானது, ஏனெனில் அங்கே சரிபார்க்கும் ஏற்பாடு கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. 2002 நவம்பர் முதல் ஐ.நா. ஆய்வாளர்கள் இராக்கில் பேரழிவு ஆயுதங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். 2003 பிப்ரவரி 5ஆம் தேதி ஐ.நா. பாதுகாப்பு சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல், வாகனங்களில் நகர்த்தப்படும் உயிரியல் ஆயுதக் கூடங்களைப் பற்றி விவரித்தார். அதற்கு முக்கிய ஆதாரம், ஜெர்மன் உளவுத்துறையின் பொறுப்பில் இருந்த இராக்கியர் ஒருவரின் வாக்குமூலம். தான் சொன்னது பொய் என்று அவரே 2011இல் ஒப்புக்கொண்டார். ஆய்வுக் குழுவின் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் மார்ச் 7ஆம் தேதி, எஞ்சிய பணிகளுக்குத் தமக்குத் தேவை சில மாதங்களே என்று சொன்னார். மார்ச் 20ஆம் தேதி போர் தொடங்கிவிட்டது. அமைதி வழிகள் முற்றிலும் தீர்ந்துபோகும் முன்பே பிரிட்டன் இந்தப் போரில் இறங்கியது என்று 2016இல் வெளியான சில்காட் விசாரணை அறிக்கை முடிவுசெய்தது. அதாவது, போர் தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.

குடிமகன் உளவாளியாக வேண்டியதில்லை. சரிபார்க்க இன்னும் சில மாதங்கள் கேட்பவரை ஏன் அவசரப்படுத்துகிறீர்கள் என்று கேட்டாலே போதும். மெய்ப்பிக்கும் பொறுப்பு போரைக் கோருபவருடையது, மறுப்பவருடையது அன்று.

கேள்வி: ருவாண்டாவில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டபோது உலகம் தலையிடாமல் இருந்தது. அதுவும் உங்களுக்குச் சம்மதமா?

பதில்: சம்மதமில்லை. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர், பெரும்பாலும் துட்சி இனத்தவர், கொல்லப்பட்டார்கள். அந்தப் படுகொலையைத் தடுக்கப் படைபலத்தைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பதே என் கருத்து. என் எதிர்ப்பு விதிவிலக்கே இல்லாதது என்று நான் எழுதவில்லை.

ஆனால், அங்கே வெளிநாட்டுப் படை இல்லாமல் இருந்ததா என்று பார்க்க வேண்டும். 1993ஆம் ஆண்டின் அருஷா அமைதி உடன்படிக்கைப்படி, ருவாண்டாவின் இரு தரப்பும் சம்மதித்து வரவழைத்த சுமார் 2,500 ஐ.நா. வீரர்கள் அங்கேயே இருந்தார்கள். அவர்களின் தளபதி ரோமியோ டலேர் 1994 ஜனவரி 11ஆம் தேதியே ஆயுதக் கிடங்குகளைப் பற்றித் தகவல் அனுப்பி, அவற்றைக் கைப்பற்ற அனுமதி கேட்டார், தலைமையகம் மறுத்தது. படுகொலை தொடங்கியதும் பிரெஞ்சு, பெல்ஜிய வீரர்கள் விமானத்தில் வந்திறங்கி, பெரும்பாலும் வெளிநாட்டவரையே ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். ஏப்ரல் 21ஆம் தேதி பாதுகாப்பு சபை, இருந்த படையையும் 270 பேராகக் குறைக்கத் தீர்மானித்தது. இதற்கு முந்தைய ஆண்டுகளில் ருவாண்டா அரசின் ராணுவத்துக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்துவந்தது பிரான்ஸ். அந்நாட்டு அரசே அமைத்த வரலாற்றாளர் குழு 2021இல் அளித்த அறிக்கை, பிரான்சுக்குக் கனத்த பொறுப்பு உண்டு என்று சொல்லியது.

ஆகவே, வெளியார் தலையிடவே இல்லை என்று ருவாண்டாவைப் பற்றிச் சொல்வது முழு உண்மையாகாது. தலையீடு தவறான பக்கத்தில் முன்பே நடந்திருந்தது. சம்மதத்தோடு வந்த பாதுகாப்போ வேண்டிய நாளில் விலக்கப்பட்டது. பாக்தாத்தின்மீது குண்டு போடுவதற்கான நியாயத்தை இந்தத் துயரத்திலிருந்து எடுப்பவர்கள் இவ்விவரங்களைச் சொல்வதில்லை.

1971இல் இந்தியா கிழக்கு வங்கத்தில் இறங்கியதையும், வியட்நாம் கம்போடியாவில் இறங்கி 1979 ஜனவரியில் போல் பாட் ஆட்சியை வீழ்த்தியதையும் சில வாசகர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள். இரண்டிலும் பக்கத்து நாடு ஏற்கெனவே நேரடியாகச் சுமந்துகொண்டிருந்தது: ஒன்றில் ஒரு கோடி அளவுக்கு அகதிகளையும் கடைசியில் விமானத் தாக்குதலையும், மற்றொன்றில் எல்லைக் கிராமங்களின்மீதான படுகொலைத் தாக்குதல்களையும். அவற்றை, ஆயிரக்கணக்கான மைல் தாண்டிப் போய் ஆட்சி மாற்றும் போர்களோடு ஒரே தட்டில் வைக்க நான் தயாராக இல்லை.

கேள்வி: லிபியாவில் ஐ.நா. அனுமதியோடுதானே நடவடிக்கை எடுத்தார்கள்? சட்டப்படி நடந்ததையும் குறை சொல்வதா?

பதில்: அனுமதி எதற்குக் கிடைத்தது என்பதைப் படித்துப் பாருங்கள். 2011 மார்ச் 17ஆம் தேதி நிறைவேறிய 1973ஆம் எண் தீர்மானம், பொதுமக்களைப் பாதுகாக்கத் தேவையானதைச் செய்யலாம் என்றது. அந்நிய ஆக்கிரமிப்புப் படை கூடாது என்றும் சொன்னது. 10 நாடுகள் ஆதரித்தன. இந்தியா, பிரேசில், ஜெர்மனி, சீனா, ரஷ்யா ஆகிய ஐந்தும் வாக்களிப்பிலிருந்து விலகி நின்றன. கிளர்ச்சியாளர்களின் பிடியிலிருந்த பெங்காசி நகரத்தைக் காப்பதற்கென்று மேற்கு நாடுகள் தொடங்கிய குண்டுவீச்சு, அந்நகரம் ஆபத்திலிருந்து மீண்ட பிறகும் மாதக்கணக்கில் நீடித்து, அக்டோபரில் லிபிய ஆட்சியாளர் கடாபி கொல்லப்பட்ட பின்பே ஓய்ந்தது. இடையில் ஆப்பிரிக்க ஒன்றியம் கொண்டுபோன சமரசத் திட்டத்தைக் கடாபி ஏற்பதாகச் சொன்னார், கிளர்ச்சியாளர்கள் நிராகரித்தார்கள், வலிந்து பேச வைக்கும் செல்வாக்கு உடையவர்கள் அதற்கு முயலவில்லை. பொதுமக்களுக்கு இருந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்றும், பாதுகாப்பு நடவடிக்கை ஆட்சி மாற்றமாக வழுக்கிப் போனது என்றும் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் வெளியுறவுக் குழு 2016இல் எழுதியது. கடாபியின் ஆயுதக் கிடங்குகளிலிருந்து வெளியேறிய துப்பாக்கிகள் 2012இல் மாலியின் வடபகுதிக் கிளர்ச்சிக்குப் பயன்பட்டன. 2013 ஜனவரியில் மாலிக்குள் பிரெஞ்சுப் படை இறங்கியது. ஒரு தலையீடு அடுத்ததை இழுத்துவந்துவிட்டது.

கேள்வி: உங்கள் உதாரணங்களில் மேற்கு நாடுகளே குற்றவாளிகள். மற்றவர்கள் உத்தமர்களா?

பதில்: கிடையாது. 1956இல் ஹங்கேரி, 1968இல் செக்கோஸ்லோவாகியா, 1979இல் ஆப்கானிஸ்தான் என்று சோவியத் அரசு செய்தவையும், 2022 பிப்ரவரியில் உக்ரைனுக்குள் ரஷ்யா நுழைந்ததும் இதே அளவுகோலால்தான் அளக்கப்பட வேண்டும். அந்தப் பக்கத்திலும் எதிர்த்தவர்கள் உண்டு. 1968 ஆகஸ்ட் 25ஆம் தேதி மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் எட்டுப் பேர் பதாகைகளோடு உட்கார்ந்தார்கள். சில நிமிடங்களில் அடித்து இழுத்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறைமுகாம், தொலைதூர ஊர்களில் கட்டாயக் குடியிருப்பு, மனநோய் மருத்துவமனை என்று தண்டனை பெற்றார்கள். ஆப்கான் படையெடுப்பைக் கண்டித்த இயற்பியல் அறிஞர் ஆந்திரே சகாரோவ், 1980இல் கோர்க்கி நகரத்துக்கு அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். தன் நாட்டின் படையை எதிர்ப்பதற்கே இந்தத் துணிவு வேண்டும். எதிரி நாட்டின் படையைக் கண்டிப்பது யாருக்கும் எளிது.

கேள்வி: போருக்குப் பதிலாகப் பொருளாதாரத் தடை போதாதா?

பதில்: தடையை ரத்தமில்லாத வழி என்று எண்ணுவது தவறு. 1990 ஆகஸ்ட் முதல் இராக்கின்மீது இருந்த தடையில், குடிநீர்ச் சுத்திகரிப்புக்கும் மின்நிலையங்களுக்கும் வேண்டிய உதிரிபாகங்கள்கூட ஆயுதத்துக்குப் பயன்படலாம் என்று நிறுத்தி வைக்கப்பட்டன. அக்காலத்தில் பரவிய குழந்தை இறப்பு எண்ணிக்கைகள் பின்னர் ஐயத்துக்குள்ளானதால் அவற்றை நான் எடுத்தாளவில்லை. ஆனால் அங்கே ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளுக்குத் தலைமை வகித்த டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் ஃபான் ஸ்போனெக் 2000இலும் தடையைக் கண்டித்துப் பதவி விலகினார்கள் என்பதே போதுமான சாட்சியம். ஆயுத விற்பனைக்கும் ஆட்சியாளரின் வெளிநாட்டுச் சொத்துக்கும் தடை விதிப்பதை ஆதரிப்பேன். ஒரு நாட்டின் குழாய்த் தண்ணீருக்கு விதிப்பதை ஆதரிக்க மாட்டேன்.

கேள்வி: ஜனநாயக நாட்டில் நாடாளுமன்றத்தால் போரைத் தடுக்க முடியாதா? ஒருவர் இருவர் எதிர்த்து வாக்களிப்பதால் என்ன பயன்?

பதில்: தடுக்க முடியும், தடுத்ததும் உண்டு. 2013 ஆகஸ்ட் 29ஆம் தேதி சிரியாமீதான தாக்குதலுக்கு பிரிட்டிஷ் மக்களவை 285க்கு 272 என்று மறுத்தது. அமெரிக்க அதிபரும் நாடாளுமன்றத்தைக் கேட்பதாகத் தாக்குதலை ஒத்திவைத்தார். அந்த இடைவெளியில் சிரியாவின் வேதி ஆயுதங்களை வெளியேற்றும் ஒப்பந்தம் பிறந்தது. அறிவிக்கப்பட்ட சுமார் 1,300 டன் அகற்றப்பட்டது. வேதித் தாக்குதல் அதற்குப் பிறகும் நடந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் எந்தக் குண்டுவீச்சும் அந்த அளவை அகற்றியிருக்காது.

ஒற்றை வாக்கைப் பற்றிக் கேட்டீர்கள். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பதிலடியாகப் படைபலத்தைப் பயன்படுத்தும் அதிகாரத்தை அதிபருக்கு வழங்கும் தீர்மானத்தை, 2001 செப்டம்பர் 14ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரிக்க, எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவரே. அன்று நடந்த அஞ்சலிக் கூட்டத்தில், நாம் வெறுக்கும் தீமையாகவே நாம் மாறிவிடாதிருப்போம் என்ற பிரார்த்தனையைக் கேட்டவர், அதையே அவையில் திரும்பச் சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்தன; போலீஸ் காவலோடு நடமாட வேண்டியதாயிற்று. அவர் எச்சரித்தது, எல்லையும் காலக்கெடுவும் இல்லாத அதிகாரத்தை வழங்கும் ஏறத்தாழ 60 சொற்களைப் பற்றி. அல் கொய்தாவுக்கு எதிராக எழுதப்பட்ட அச்சொற்களை, அன்று இருந்திராத அமைப்புகளுக்கு எதிராகவும், ஆப்கானிஸ்தானுக்கு மிக அப்பாலுள்ள நாடுகளிலும் அடுத்தடுத்த அதிபர்கள் பயன்படுத்தினார்கள்.

ஆனால், சட்டத்தின் அமைப்பே எதிர்ப்பவருக்குப் பாதகமாக இருக்கிறது. 1973இல் அதிபர் நிக்சனின் வீட்டோவை (மறுப்பதிகாரத்தை) மீறி இயற்றப்பட்ட அமெரிக்கப் போர் அதிகாரச் சட்டம், ஒப்புதல் இல்லாத போரை அதிபர் 60 நாட்களில் முடிக்க வேண்டும் என்கிறது. விலகிக்கொள்ள மேலும் 30 நாள் உண்டு. நடைமுறையில், போரை நிறுத்தச் சொல்லும் தீர்மானத்தையும் அதிபர் வீட்டோ செய்யலாம் என்றாகிவிட்டது. 2019இல் யேமன் போருக்கான அமெரிக்க உதவியை நிறுத்த இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றின. டிரம்ப் வீட்டோ செய்தார். அதை மீற மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்ட செனட்டில் 53 வாக்குகளே கிடைத்தன. அதாவது போரைத் தொடர, ஏதேனும் ஓர் அவையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேற்பட்டவர்களின் ஆதரவு போதும். இதைத் தலைகீழாக்க வேண்டும்: குறித்த நாளுக்குள் இரு அவைகளும் வெளிப்படையாக வாக்களித்து ஒப்புதல் தராவிட்டால் பணம் தானாக நின்றுபோக வேண்டும், ஒவ்வொரு ஒப்புதலிலும் எந்த நாடு, யாருக்கு எதிராக, எந்தத் தேதிவரை என்று எழுதப்பட வேண்டும், அந்தத் தேதி வந்ததும் மீண்டும் வாக்கெடுப்பு நடக்க வேண்டும்.