கேள்வி பதில்: பிரிஸ்டல் சர்க்கரைக்காரர் வீடு

கேள்வி: இங்கிலாந்துல பிரிஸ்டல் போனப்போ ஊர் நடுவுல 'ஜார்ஜியன் ஹவுஸ்'னு ஒரு வீட்டை சுத்திப் பாத்தோம். ஜார்ஜியா நாட்டுக்காரங்க கட்டினதான்னு என் வீட்டுக்காரர் கேக்குறார். அவ்ளோ பெரிய வீடு கட்ட அந்தக் காலத்துல யார்கிட்டங்க காசு இருந்துச்சு?

பதில்: அவர் குழம்பினதுல தப்பே இல்லீங்க, பேரு அப்படி. 1714லேர்ந்து 1830 வரைக்கும் இங்கிலாந்துல வரிசையா நாலு ஜார்ஜ் ராஜாக்கள், அந்தக் காலத்து வீடுன்னாலே ஜார்ஜியன் வீடுதான். நீங்க பாத்தது கிரேட் ஜார்ஜ் ஸ்ட்ரீட் 7ஆம் நம்பர், 1790 வாக்குல ஜான் பின்னிங்கிறவருக்காக கட்டினது. காசு எங்கேர்ந்துன்னா, கரும்புலேர்ந்து. கரீபியன் கடல்ல நீவிஸ்னு ஒரு குட்டித் தீவு, அங்க இவருக்கு சொந்தக்காரர் வழியா ஒரு கரும்புத் தோட்டம் வந்துச்சு, 1764ல போய் அதை நடத்தி, அடிமைகளை வேலை வாங்கி சம்பாதிச்சு 1783ல ஊர் திரும்பி, பிரிஸ்டல்ல சர்க்கரை வியாபாரம் பண்ணினார்.

திரும்பி வரும்போது பீரோ ஜோன்ஸ்னு ஒருத்தரையும் கூட்டிட்டு வந்தார். 1765ல, பீரோவுக்கு 12 வயசுல, ரெண்டு தங்கச்சிங்களோட சேர்த்து விலைக்கு வாங்கினது. முடி வெட்ட, பல்லு பிடுங்க எல்லாம் கத்துக்கிட்டு முப்பது வருஷத்துக்கு மேல அந்தக் குடும்பத்துக்கு உழைச்சார், 1798ல செத்துப்போனார், கடைசி வரைக்கும் அவருக்கு விடுதலை கொடுக்கவே இல்ல. அதே வீட்டுல ஃபேனி கோக்கர்னு ஒரு பொண்ணு, பின்னியோட மனைவிக்கு பணிப்பெண், அதே தோட்டத்துல பொறந்தவ, அவளுக்கு 1778லேயே விடுதலை குடுத்துட்டாங்க. ஒருத்தருக்கு குடுத்து இன்னொருத்தருக்கு குடுக்காம விட்டது எனக்கு ரொம்ப உறுத்துது.

1930கள்ல வீடு மாநகராட்சி கைக்கு வந்து மியூசியம் ஆச்சு. 1999ல துறைமுகத்துல திறந்த நடைபாலத்துக்கு பீரோ பேரைத்தான் வெச்சிருக்காங்க, மேல கொம்பு மாதிரி ரெண்டு நிக்குமே அதேதான், சும்மா அலங்காரம் இல்ல, பாலத்தைத் தூக்குறதுக்கு எதிர் எடை.

கேள்வி: கீழ்த்தளத்துல தொட்டி மாதிரி ஒண்ணு இருந்துச்சே, நீச்சல் குளமா?

பதில்: இல்லீங்க, பச்சைத்தண்ணில முங்கி எழுற தொட்டி. உடம்புக்கு நல்லதுன்னு அந்தக் காலத்துப் பணக்காரங்களுக்கு ஒரு நம்பிக்கை. அந்த ஊர் குளிர்ல முங்கணும்னா நமக்கு நினைச்சாலே நடுங்குது! எல்லாரும் போட்டோ எடுக்கறது இதைத்தான், பக்கத்துல இருக்கற சமையக்கட்டை யாரும் கண்டுக்கறதில்ல.

கேள்வி: இங்கிலாந்துல பழைய வீடுகள்ல சில ஜன்னலை கல்லு வெச்சு அடைச்சிருக்காங்களே, ஏன்?

பதில்: ஜன்னல் வரி. 1696லேர்ந்து 1851 வரைக்கும் ஜன்னலை எண்ணி வரி போட்டாங்க, சிலர் அடைச்சே விட்டுட்டாங்க. ஆனா முகப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரியணும்னு முதல்லயே பொய் ஜன்னலா கட்டினதும் உண்டு, அதனால எல்லாமே வரிக்கு பயந்துதான்னு கைடு அடிச்சுவிட்டா முழுசா நம்பிடாதீங்க.