காளமேகம் பாட்டுக்குச் சிரிப்பு வரவில்லையா?

புலவர் காளமேகத்தின் ‘கத்துகடல் சூழ்நாகை’ வெண்பாவைக் கல்லூரி விழாவில் முழுதாகச் சொல்லிவிட்டு அப்புறம் பொருள் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை என்கிறீர்கள். அந்த வரிசைதான் இடிக்கிறது. பாட்டு அருமையான பாட்டு, விட்டுவிடாதீர்கள்.

முதலில் கதையைச் சொல்லுங்கள். நாகப்பட்டினத்தில் காத்தான் சத்திரம், பசியோடு காத்திருக்கும் புலவர். பொழுது சாயும்போதுதான் அரிசியே வருகிறது. அதைக் குத்தி உலையில் போடுவதற்குள் ஊர் அடங்கிவிடுகிறது. இப்போது பாட்டை எடுங்கள். ‘ஓரகப்பை அன்னம் இலையிலிட’ என்றதும் நிறுத்துங்கள். கூட்டம் உங்கள் முகத்தைப் பார்க்கட்டும். பிறகு ‘வெள்ளி எழும்’. வெள்ளி என்றால் விடிவெள்ளி. விடிந்தேவிட்டது என்று அவர்களே கண்டுபிடிக்க அந்த நொடி வேண்டும்.

சத்திரத்துக்காரர் வருந்தியதும் அதே பாட்டுக்குக் காளமேகமே புகழ்ச்சியாகப் பொருள் சொன்ன கதையும் உண்டு. அதைச் சிரிப்பு அடங்கிய பிறகு சொல்லுங்கள்.