மேலாளர் கத்துகிறார்; நான் எப்படி பாசிட்டிவாக இருப்பது?

கேள்வி: எனக்கு வயது 37. திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஐந்து மாதத்துக்கு முன் வந்த மேலாளர் எதற்கெடுத்தாலும் எல்லோர் முன்னாலும் கத்துகிறார். ‘எதையும் பாசிட்டிவாக எடுத்துக்கொள்’ என்று வீட்டில் சொல்கிறார்கள். நானும் சிரித்த முகமாக இருந்துதான் பார்க்கிறேன். ஆனால் படபடப்பாக இருக்கிறது, முடி கொட்டுகிறது, இடது கண் துடிக்கிறது. ஒருமுறை பிபி 146/94 காட்டியது, ஈசிஜி நார்மல். விடிகாலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிட்டால் அப்புறம் தூக்கமே இல்லை. நாத்தனாருக்கு எழுதிக்கொடுத்த அல்பிரசோலம் மாத்திரையை ஆறு வாரமாக இரவில் போடுகிறேன். வண்டியில் போகும்போது, கீழே விழுந்து கால் உடைந்தால் ஒரு மாதம் லீவு கிடைக்குமே என்று தோன்றுகிறது. சில நாள், எழுந்திருக்காமலே போனாலும் பரவாயில்லை என்றும் தோன்றுகிறது. அட்ரீனல் சுரப்பி களைத்துப்போனால் இப்படியெல்லாம் வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். கார்டிசால் டெஸ்ட் எடுக்கட்டுமா? அவரிடம் பாசிட்டிவாக நடந்துகொள்ள என்ன செய்வது?

மருத்துவர் பதில்:

சகோதரி, ‘எழுந்திருக்காமலே போனாலும் பரவாயில்லை’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். முடி, கண், பிபி எல்லாவற்றுக்கும் பின்னால் அதை ஒளித்துவைத்தது போல எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததே அந்த எண்ணத்தைப் பற்றிய பயம்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பயம் நியாயமானது.

கால் உடைந்தால் லீவு கிடைக்குமே என்ற நினைப்பு, வேலையில் நொந்துபோன பலருக்கும் வருவதுதான். அதோடு நின்றிருந்தால், ஓய்வு எடுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். உங்களுக்கு அது அடுத்த படிக்குப் போயிருக்கிறது. கூடவே விடிகாலை விழிப்பும் இருக்கிறது. இவை இரண்டும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், மனச்சோர்வு நோய் இருக்கிறதா என்று மருத்துவர் நேரில் பார்த்தே ஆக வேண்டும். உங்களையே ஒன்று கேட்டுப் பாருங்கள்: மேலாளர் முகத்தைப் பார்க்காத ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்களுக்குப் பிடித்த சாப்பாடு ருசிக்கிறதா? பிள்ளைகள் பேச்சுக்குச் சிரிப்பு வருகிறதா? ஆபீசுக்கு வெளியேயும் எதுவும் பிடிக்கவில்லை என்றால், பிரச்சினை மேலாளரைத் தாண்டிப் போய்விட்டது என்று அர்த்தம்.

ஆகவே இந்த வாரத்துக்குள், ‘அடுத்த ஷிப்மென்ட் முடியட்டும்’ என்று தள்ளிப்போடாமல், மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு புறநோயாளிச் சீட்டு வாங்கினாலே போதும். இன்று இரவே உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். ‘மனசு சரியில்லை’ என்று பொதுவாகச் சொன்னால் அவருக்குப் புரியாது. எனக்கு எழுதிய அதே வரியை அப்படியே சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று: இதைப் பற்றிக் கேட்டால் எண்ணம் வலுத்துவிடும் என்று பயந்து பேசாமல் இருந்துவிடாதீர்கள். கேட்பதால் அது வளராது. கேட்கப்பட்டவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

அந்த எண்ணம் அடிக்கடி வந்தாலோ, ‘எப்படி, எப்போது’ என்று மனம் யோசிக்கத் தொடங்கினாலோ, ஓ.பி. நேரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். தனியாக இருக்காதீர்கள், வண்டி ஓட்டாதீர்கள். யாரையாவது கூட்டிக்கொண்டு நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நடுராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கியது, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம்.

அடுத்தது அந்த மாத்திரை. இங்கே எனக்குக் கோபம்தான் வருகிறது. நாத்தனாருக்கு எழுதிய சீட்டு நாத்தனாருக்கு மட்டும்தான். அல்பிரசோலம், சீட்டு இல்லாமல் விற்கவே கூடாது என்று அட்டவணை எச்1இல் வைக்கப்பட்டிருக்கும் மருந்து. சில வாரங்களிலேயே உடல் அதற்குப் பழகிவிடும். சட்டென்று தூக்கம் தரும், சீக்கிரமே வேலை முடிந்து போய்விடும். உங்கள் மூன்றரை மணி விழிப்பில் அந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கலாம். மனச்சோர்வுக்கு அது மருந்தும் கிடையாது.

ஆனால் இதைப் படித்த ஆத்திரத்தில் இன்றே நிறுத்திவிடாதீர்கள். தினமும் போட்டுவந்ததை ஒரேயடியாக நிறுத்தினால் பதற்றம் இரட்டிப்பாகும், சிலருக்கு வலிப்பே வரும். அட்டையைக் கையோடு கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள்; அவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார். அதுவரை மாத்திரை உங்கள் கணவர் கையில் இருக்கட்டும். மனச்சோர்வு என்று உறுதியானால் அதற்குத் தரும் மருந்துகள் வேறு வகை. அவை அடிமையாக்குவதில்லை, ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். மூன்றாம் நாளே ‘ஒன்றும் கேட்கவில்லை’ என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மற்றவை பெரிய விஷயமில்லை. கண் துடிப்பு தூக்கக் குறைவாலும் அதிகமாக டீ, காபி குடிப்பதாலும் வருவது, தானே போய்விடும். முடி, மனமோ உடலோ அடிபட்டு இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொட்டும். பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். அந்த 146/94 திட்டு வாங்கிய கையோடு பார்த்ததோ என்னவோ! ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, அதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி குடிக்காமல், வெவ்வேறு நாட்களில் பார்த்தால்தான் கணக்கு. படபடப்புக்காகத் தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒருமுறை பாருங்கள், போதும். ‘அட்ரீனல் களைப்பு’ என்று ஒரு நோயே மருத்துவத்தில் கிடையாது. கார்டிசால் என்பது அட்ரீனல் சுரக்கும் ஹார்மோன்; ஒரே நாளில் காலையில் ஏறி இரவில் இறங்குவது. உங்கள் மேலாளரைப் பற்றி அந்த டெஸ்ட் எதுவும் சொல்லாது. அந்த வீடியோக்காரர் அஸ்வகந்தா பொடியையும் சொல்லியிருப்பார். அதுவும் வேண்டாம். அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கும், தைராய்டு டெஸ்ட்டையும் குழப்பும்.

இனி, பாசிட்டிவாக இருப்பது. உங்களால் அது முடியவில்லை என்று உங்களையே குறை சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். உள்ளே கொதிக்கும்போது வெளியே சிரிப்பதைத்தான் நீங்கள் பாசிட்டிவ் என்று நினைத்துவிட்டீர்கள். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1993இல் வெளியிட்ட ஒரு ஆய்வில், அருவருப்பூட்டும் காட்சியைப் பார்க்கும் சிலரிடம் முகத்தில் எதையும் காட்டக் கூடாது என்றார்கள். முகம் அடங்கியது, உள்ளே இருந்த உணர்வு குறையவில்லை, வியர்வை போன்ற உடல் பதற்றத்தின் குறிகளோ கூடின. நீங்கள் ஐந்து மாதமாக தினமும் எட்டு பத்து மணி நேரம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

அவரை உங்களுக்குப் பிடிக்க வேண்டிய அவசியமில்லை. அவர் நல்லவர் என்று நம்பவும் வேண்டாம். அவருடைய கத்தலில் உங்கள் தவறு எவ்வளவு, சரக்கு வாங்கும் பையர் கொடுக்கும் நெருக்கடி எவ்வளவு, அவருடைய குணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கப் பழகினால் போதும். ஷிப்மென்ட் தேதி நெருங்கும்போது எல்லோர் மீதும் பாய்கிறாரா, அல்லது உங்களை மட்டும் குறிவைக்கிறாரா? இரண்டு வாரம் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்துப் பாருங்கள். முதல் வகை என்றால் அந்தக் கோபத்துக்கு உங்கள் பெயர் போட்டு வீட்டுக்கு எடுத்துவர வேண்டாம். இரண்டாம் வகை என்றால் மேலே புகார் கொடுக்கும்போது அந்த நோட்டு உதவும். பெண் என்பதை வைத்து ஆபாசமாகப் பேசினால் அது வேறு விவகாரம்: 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்புகார்க் குழு இருக்க வேண்டும், அப்படி நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுங்கள்.

அவர் சாம்பிளை மேசையில் வீசிவிட்டுக் கத்தும் அந்த நிமிடத்தில் என்ன செய்வது? பதில் சொல்ல அவசரப்படாதீர்கள். காலைத் தரையில் நன்றாக ஊன்றி, உள்ளே இழுத்ததைவிட நீளமாக மூச்சை வெளியே விடுங்கள், மூன்று நான்கு முறை. மூச்சை நீட்டி விடும்போது இதயத் துடிப்பு தணியும். அப்புறம் வேலையைப் பற்றி மட்டும் பேசுங்கள்: “சார், எந்த அளவில் தப்பு என்று சொல்லுங்கள், நாளை மதியத்துக்குள் திருத்தித் தருகிறேன்.” சிரிக்கவும் வேண்டாம், அழுகையை விழுங்கிக்கொண்டு மன்னிப்பும் வேண்டாம். அவர் அமைதியாக இருக்கும் ஒரு காலைப் பொழுதில் தனியாகப் போய், “தப்பு இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள் சார், எல்லோர் முன்னும் சொன்னால் எனக்கு வேலை ஓடவில்லை” என்று ஒரு முறை சொல்லிப் பாருங்கள். சிலர் மாறுவார்கள். மாறாதவர்களிடமும், நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதே உங்களுக்குக் கொஞ்சம் பலம் தரும். இரவு ஒன்பதுக்கு மேல் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவை மியூட்டில் போடுங்கள்.

இதையெல்லாம் செய்வதற்கும் தூக்கமும் தெம்பும் வேண்டும். அதனால்தான் சிகிச்சையை முதலில் சொன்னேன்.

வேலையை விட்டுவிடுவதா என்ற முடிவை இப்போது எடுக்காதீர்கள். மனம் சோர்ந்திருக்கும்போது எல்லாக் கதவும் மூடியிருப்பதாகவே தெரியும். தூக்கம் திரும்பி, ஓரிரு மாதம் சிகிச்சை ஓடிய பிறகு யோசிக்கலாம். மருத்துவர் ஓய்வு தேவை என்று சொன்னால் தயங்காமல் மருத்துவ விடுப்பு எடுங்கள். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால், விதிகளுக்கு உட்பட்டு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் கிடைக்கும். காலை உடைத்துக்கொண்டுதான் லீவு வாங்க வேண்டும் என்பதில்லை.