கால்பந்து கிளப்கள் மேலாளரை (அணியை நடத்தும் தலைமைப் பயிற்சியாளரை) ஏன் இவ்வளவு அவசரமாக நீக்குகின்றன?

முக்கியக் காரணம் பயம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கடைசி 3 இடங்களில் முடித்தால் கீழ்ப் பிரிவுக்குப் போக வேண்டும். டிவி வருமானம் மளமளவெனச் சரியும். நினைத்த நேரத்தில் புது வீரர்களை வாங்க முடியாது, மேலாளரை மாற்றலாம்.

மேலாளர் கிளாடியோ ரனியேரி 2016இல் லெஸ்டர் சிட்டிக்கு யாருமே எதிர்பார்க்காத லீக் பட்டத்தை வென்று கொடுத்தார். 9 மாதத்தில், 2017 பிப்ரவரியில், அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனால் அப்போது அணி 20 அணிகளில் 17ஆம் இடம், அந்தக் கடைசி 3 இடங்களுக்கு ஒரு படி மேலே. அடுத்த ஆட்டத்திலேயே லிவர்பூலை 3-1 என வென்று, கடைசியில் 12ஆம் இடம் பிடித்தது. இதைப் பார்க்கும் மற்ற முதலாளிகளுக்கும் கை துறுதுறுக்கும்.

பொறுத்தவர்களும் உண்டு. 1986இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு மேலாளராக வந்த அலெக்ஸ் ஃபெர்குசனை 1989இல் ரசிகர்கள் 'போய் வா' என்று பதாகை பிடித்தே வழியனுப்பப் பார்த்தார்கள். நிர்வாகம் அசையவில்லை. 1990இல் முதல் கோப்பை, அப்புறம் 13 லீக் பட்டங்கள்.